ஆடிப்பிறப்பும் ஒரு தூக்குச்சட்டியும்

ஆடி முதல் நாள். விடியுமுன்னரே சோழகக் காற்று எழுந்துவிட்டது. ஒழுங்கையின் செம்மண் புழுதி வேலிகளைத் தாண்டி முற்றங்களிற் படிந்துகொண்டிருந்தது. முதல்நாள்தான் கொழும்பிலிருந்து வந்திருந்தேன். அன்றிரவே திரும்பவேண்டும். “பெரியம்மா, மாமி, அம்மான், படிப்பிச்ச வாத்தியார், ஒரு வீட்டை விட்டால் மற்ற வீட்டார் கேப்பினம்” என்று அம்மா விரல்விட்டு எண்ணினார். அடுத்த வளவில் இருக்கும் சின்னையா அந்தக் கணக்கில் இல்லை.

திருநெல்வேலி என்றதும் தமிழகத்து அன்பர்கள் தாமிரபரணிக் கரையை நினைப்பார்கள். எங்கள் ஊர் யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, பலாலி வீதியின் இரு மருங்கும் கிடப்பது, பேச்சில் தின்னவேலி. ஆறு என்று ஒன்று இல்லை. சுண்ணக்கல்லைக் குடைந்த கிணறுகளே எங்களுக்குத் தண்ணீர் தருவன. துலா மிதித்து இறைத்த காலம் போய்விட்டது. பங்குக் கிணறும் அதன் வழக்குகளும் போகவில்லை.

பெரியம்மா வீட்டு அடுக்களையில் ஆடிக்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வறுத்த பயறும், அரிசிமாவும், பனங்கட்டியும், தேங்காய்ப்பாலும் ஒன்றாகும்போது எழும் மணத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. பல்லுப்பல்லாக வெட்டிய தேங்காய்ச் சொட்டு இடையிடையே கடிபடவேண்டும்; மிளகும் சீரகமும் தொண்டையில் இலேசாக உறைக்கவேண்டும். பலாவிலையைக் கோலிக் குடிப்பதே முறை. கரண்டியாற் குடிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் குடிப்பது வேறு ஏதோ பானம்.

புறப்படுகையில் பெரியம்மா தூக்குச்சட்டி ஒன்றைக் கையில் தந்தார்.

“உன்ரை சின்னையாவுக்கு. பால் விட்ட கூழ், பொழுதுபட முன்னம் குடுத்துப்போடு.”

மறுக்க வாய் எழவில்லை. நேரே சின்னையாவிடம் போகக் காலும் எழவில்லை. சட்டியோடு மாமி வீட்டுக்குப் போனேன்.

மாமியின் முன்னறைகளில் பல்கலைக்கழக மாணவர்கள் குடியிருக்கிறார்கள். சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. “வளாகம் வந்த நாள் முதல் என்ரை வீடு காலியாய் இருந்ததில்லை” என்றார் மாமி. பிறகு, “ஆருக்கு உந்தச் சட்டி?” என்றார். சொன்னேன். மாமி பேச்சை மாற்றிக் கொழுக்கட்டையை எடுத்துவைத்தார்.

சந்தையிற் கண்ட பழைய நண்பன் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நான்கை என் பையில் திணித்தான். அவனும் அதே கேள்வியைக் கேட்டான். அம்மான் கனடாவில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் என்னை இருத்தித் தேநீர் தந்தார். வாத்தியார் மட்டும் ஒன்றும் கேளாமல், “சூடு ஆறப் போகுது தம்பி” என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமமே வீட்டைப் பூட்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அப்பாவும் சின்னையாவும் ஒரே சைக்கிளில் ஆச்சியை இருத்தி மாறிமாறித் தள்ளிச் சென்றவர்கள். மறுவருடம் திரும்பியபோது வளவுகளுக்கு இடையே நின்ற கிளுவை வேலி இல்லை. புதிதாய்க் கதியால் நட்டபோது ஒரு முழம் யாருடையது என்ற பேச்சு எழுந்து நீதிமன்றம் வரை சென்றது. கிணறு இருவருக்கும் பொது. ஆளையாள் காணாதபடி ஒருவர் விடியலிலும் மற்றவர் வெயில் சாய்ந்தும் அள்ளினார்கள். அப்பாவின் செத்தவீட்டன்று சின்னையா படலைவரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான் அழைத்திருக்கலாம். அழைக்கவில்லை.

ஐந்து மணியளவில் அவர் படலையைத் திறந்தேன். திண்ணையிலிருந்தவர் என்னையும் சட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார்.

“மச்சாள் இன்னும் மிளகு கூடத்தான் போடுறா.”

எழுந்துபோய் இரண்டு பலாவிலை பறித்துவந்தார். கூழ் ஆறித் தடித்திருந்தது, புளிக்கவில்லை. நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

“கிணத்துக் கப்பி இறுகிப்போச்சு. தனிய ஏலாது. நாளைக்கு நிப்பியே?”

“நிற்கிறேன், சின்னையா” என்றேன்.

பயணச்சீட்டு அன்றிரவுக்குரியது. அம்மாவிடம் எதை முதலிற் சொல்வதென்று எண்ணியபடி, வெறுஞ்சட்டியோடு வேலியோரமாக நடந்தேன்.