மணியும் மரபும்

புதுச்சேரி அருங்காட்சியகத்தில், அரிக்கமேட்டில் கிடைத்த பழங்காலக் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் பேழைக்குள் காக்கப்படுகின்றன. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள கடற்கரைச் சாலையில் நரிக்குறவர்கள் பாசிமணி மாலைகளை விற்கின்றனர். பேழையிலுள்ள மணியைக் கலை என்கிறோம். சாலையோர மணியைச் சரக்கு என்கிறோம். எது கலை என்பதை உறுதிசெய்வோர் யார்? ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களும் இவ்வினாவை எழுப்பியுள்ளனர்.

பிறர் வரைந்த உருவம்

ரோமா மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து பெயர்ந்து சென்றவர்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் எனத் தவறாகக் கருதியதால் அவர்களுக்கு 'ஜிப்சி' என்னும் பெயர் வழங்கியது. காரவாஜியோ முதலிய ஓவியர்கள் அவர்களைக் குறிசொல்வோராகத் தீட்டினர். ஓவியங்களில் அவர்கள் இடம்பெற்றனர். ஆனால், தூரிகை அவர்கள் கையில் இல்லை.

தாமே வரைந்த உருவம்

இந்நிலை இருபதாம் நூற்றாண்டில் மாறியது. 1971இல் இலண்டன் அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, சக்கரம் பொறித்த கொடியை ஏற்றது. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய ஆஸ்திரியப் பெண் சாயா ஸ்டோய்கா, ஐம்பது வயதைக் கடந்தபின் அந்நினைவுகளை ஓவியமாக்கினார். 2007இல் வெனிஸ் கலைக்காட்சியில் ரோமா கலைக்கெனத் தனி அரங்கு முதன்முதலாக அமைந்தது. 2022இல் அதே காட்சியில், மாவ்கொஷாடா மிர்கா-தாஸ் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த பெரும்படைப்புகள் போலந்து நாட்டின் அரங்கை நிறைத்தன.

இவர்களுடைய படைப்புகள் ஒரே பாணியில் அமைந்தவை அல்ல. தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் உரிமையே அவற்றை இணைக்கிறது. எனவே, தற்கால ரோமா கலை என்பது ஒரு பாணியின் பெயரன்று. தன்னடையாளத்தை மீட்கும் முயற்சியின் பெயராகும்.

நம் தெருவில்

'நரிக்குறவர்' என்பதும் பிறர் இட்ட பெயரே. அவர்கள் தம்மை 'வாக்ரி' என்பர். அவர்களது வாக்ரிபோலி, ரோமா மக்களின் மொழியைப் போலவே இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது; தனி எழுத்து இல்லாதது. இவ்வொற்றுமையைக் கொண்டு இரு மக்களும் ஒருவரே எனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், பிறர் பார்வையிலேயே அறியப்பட்ட நிலை இருவர்க்கும் பொதுவானது.

2022 டிசம்பரில், தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் நரிக்குறவரைச் சேர்க்கும் சட்டமுன்வரைவு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் உரிமைக்கு வழி திறக்கும்; கலைக்குரிய மதிப்பைச் சமூகமே வழங்க வேண்டும். மணிகளின் நிறத்தையும் வரிசையையும் தேர்ந்து மாலையாக்கும் கைகளிலும் ஒரு மரபு வாழ்கிறது. அம்மரபைப் பற்றி அவர்களே பேசவும், அதனை நாம் செவிமடுக்கவும் வேண்டும். அப்போது சாலையோர மணியும் தனக்குரிய பெயரைப் பெறும்.