பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்

பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் என்பது நீர்மமாக உள்ள தாவர எண்ணெயுடன் ஹைட்ரஜன் வளிமத்தை ஓரளவுக்கு மட்டும் சேர்த்து, அதை அறை வெப்பநிலையில் திண்மமாகவோ அரைத்திண்மமாகவோ மாற்றுவதால் கிடைக்கும் கொழுப்பு ஆகும். இந்தியாவில் இது வனஸ்பதி என்றும், மிகவும் புகழ்பெற்ற வணிகப் பெயரைக் கொண்டு டால்டா என்றும் வழங்கப்பட்டது. மேலை நாடுகளில் மார்கரின் எனப்படும் செயற்கை வெண்ணெய், பிஸ்கட், கேக் மற்றும் பொட்டலத் தின்பண்டங்களின் முதன்மையான கொழுப்பாக இது இருந்தது. 1960கள் முதல் 1980கள் வரை இவ்வகைப் பொருட்களில் பல, கொலஸ்டிரால் அற்றவை, இதயத்திற்கு உகந்தவை என்று கூறி விற்கப்பட்டன. ஆனால் இந்த எண்ணெயில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு, அது பதிலீடு செய்த விலங்குக் கொழுப்பைக் காட்டிலும் இதயத்திற்குத் தீங்கானது என்பது 1990களில் உறுதியானது.

வேதியியல்

எண்ணெய், கொழுப்பு இரண்டும் கிளிசராலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் இணைந்த மூலக்கூறுகளே. கொழுப்பமிலம் என்பது நீண்ட கார்பன் சங்கிலி. அச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லையெனில் அது நிறைவுற்ற கொழுப்பமிலம், இருந்தால் நிறைவுறாதது. இயற்கையான தாவர எண்ணெய்களில் இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் ஒரே பக்கத்தில் அமைந்திருக்கும். இதனை சிஸ் அமைப்பு என்பர். இவ்வமைப்பில் சங்கிலி முழங்கை போல் வளைந்து விடுகிறது. வளைந்த சங்கிலிகளை நெருக்கமாக அடுக்க இயலாது. ஆகவே எண்ணெய் நீர்மமாக இருக்கிறது.

நிக்கல் வினையூக்கியின் முன்னிலையில் சூடான எண்ணெயினுள் ஹைட்ரஜனைச் செலுத்தினால், இரட்டைப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக நிறைவடைகின்றன. வினையை இறுதிவரை நடத்தினால் கிடைப்பது மெழுகு போன்ற கடினமான கொழுப்பு. அதில் டிரான்ஸ் கொழுப்பு ஏறத்தாழ இல்லை, ஆனால் அதைத் தனியே கொண்டு சமைப்பதும் அரிது. எனவே தொழிற்சாலைகள் வினையைப் பாதியில் நிறுத்தின. சிக்கல் தொடங்குவது இங்கேதான். நிக்கலின் பரப்பில் ஒட்டிய சங்கிலி ஒரு ஹைட்ரஜனைப் பெற்று, இரண்டாவதைப் பெறுமுன் ஒன்றை இழந்து மீண்டும் விலகக்கூடும். அவ்வாறு விலகும்போது இரட்டைப் பிணைப்பு திரும்பவும் உருவாகிறது. ஆனால் ஹைட்ரஜன் அணுக்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்து விடலாம். இதுவே டிரான்ஸ் அமைப்பு. வேதியியல் வாய்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது வடிவம் மட்டுமே.

வடிவ மாற்றத்தின் விளைவை உருகுநிலையில் காணலாம். ஒலியிக் அமிலம் (சிஸ்) சுமார் 13 பாகை செல்சியசில் உருகுகிறது. அதே அணுக்களைக் கொண்ட எலைடிக் அமிலம் (டிரான்ஸ்) உருகுவதற்கு 43 பாகைக்கு மேல் வேண்டும். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டியரிக் அமிலத்திற்கு 69 பாகை. அதாவது, பெயரளவில் "நிறைவுறாத" கொழுப்பாகிய எலைடிக் அமிலம், நடத்தையில் நிறைவுற்ற கொழுப்பின் பக்கம் நெருங்கி நிற்கிறது.

தோற்றமும் பரவலும்

பிரான்சு நாட்டு வேதியியலாளர் பால் சபாட்டியே வளிம நிலையில் உள்ள சேர்மங்களை நிக்கல் கொண்டு ஹைட்ரஜனேற்றும் முறையை உருவாக்கினார். 1912ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நீர்ம எண்ணெயையும் இவ்வாறு கெட்டிப்படுத்தலாம் என்று 1901இல் காட்டியவர் செருமானியரான வில்லெம் நோர்மன். இதற்கான காப்புரிமையை அவர் 1902இல் பெற்றார். 1911இல் ஐக்கிய அமெரிக்காவில் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் பருத்தி விதை எண்ணெயிலிருந்து செய்த கிரிஸ்கோ என்னும் சமையல் கொழுப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

உற்பத்தியாளர்கள் இதை விரும்பியதற்குக் காரணங்கள் எளியவை. விலை குறைவு. எளிதில் காறல் வாடை அடிக்காது. பிஸ்கட் பல மாதங்கள் கடை அலமாரியில் கெடாமல் இருக்கும். உருகுநிலையை வேண்டியபடி அமைத்துக் கொள்ளலாம். பலமுறை பொரித்தாலும் தாங்கும்.

இந்தியாவில் வனஸ்பதி

நெய்யின் இடத்தைப் பிடிக்கும் மலிவான பொருளாக வனஸ்பதி இந்தியாவிற்கு வந்தது. முதலில் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானது. 1937 முதல் இந்துஸ்தான் வனஸ்பதி நிறுவனம் டால்டாவை இங்கேயே விற்றது. தென்னை போன்ற மரத்தின் படம் பொறித்த மஞ்சள் டால்டா டப்பா, உள்ளே இருந்தது தீர்ந்த பிறகும் அரிசி அளக்கவும் செடி வளர்க்கவும் வீடுகளில் தொடர்ந்து பயன்பட்டது. பேக்கரி பப்ஸ், உதகமண்டலத்து வர்க்கி, விருந்துப் பிரியாணி, இனிப்பு வகைகள் எனத் தமிழ்நாட்டிலும் இதன் புழக்கம் விரிந்தது.

எதிர்ப்பும் உடன் பிறந்தது. காந்தி வனஸ்பதியைக் கண்டித்து எழுதினார். ஆனால் அக்கால எதிர்ப்பு பெரும்பாலும் நெய்க் கலப்படம் பற்றியது. நெய்யில் வனஸ்பதி கலந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு சேர்மம் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடனும் சர்க்கரையுடனும் (அல்லது ஃபர்ஃபுராலுடன்) சேரும்போது இளஞ்சிவப்பு நிறம் தரும். பள்ளி ஆய்வகங்களில் "நெய்யில் வனஸ்பதி உள்ளதா" எனச் செய்து பார்க்கும் சோதனை இதுவே. அச்சோதனை கண்டறிவது வனஸ்பதியை அல்ல, அதனுள் சட்டப்படி சேர்க்கப்பட்ட நல்லெண்ணெயை என்பது பாடநூல்களில் பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை.

உடல்நலப் பொருளாக விற்கப்பட்டமை

நிறைவுற்ற கொழுப்பு குருதியில் கொலஸ்டிராலைக் கூட்டுகிறது என்ற முடிவின் அடிப்படையில், 1961இல் அமெரிக்க இதயக் கழகம் விலங்குக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்களை ஓரளவு பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. நீர்ம எண்ணெயைப் பொறுத்தவரை அப்பரிந்துரையில் பிழை காண்பது கடினம். ஆனால் கடைகளில் அதன் பயனைப் பெற்றது மார்கரின். அது தாவர எண்ணெயிலிருந்து செய்யப்பட்டது, கொலஸ்டிரால் அற்றது, வெண்ணெயை விட நிறைவுற்ற கொழுப்பு குறைந்தது. மூன்று கூற்றுகளும் உண்மை. ஆயினும் கொலஸ்டிரால் விலங்குத் திசுக்களில் உருவாகும் பொருள். தாவரக் கொழுப்பு எதிலும் அது சுவடளவுக்கு மேல் இராது. எனவே தாவர எண்ணெய்ப் பொட்டலத்தில் "கொலஸ்டிரால் இல்லை" என்று அச்சிடுவது அந்தப் பொருளைப் பற்றிப் புதிதாக எதையும் தெரிவிப்பதில்லை. டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிட வேண்டிய கட்டாயம் அப்போது எங்கும் இல்லை.

1980களில் இப்போக்கு வலுப்பெற்றது. நெப்ராஸ்கா மாநிலத் தொழிலதிபர் பில் சொக்கோலோஃப், தமது 43ஆம் வயதில் மாரடைப்புக்கு உள்ளானவர், 1988 முதல் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்துத் தேங்காய் எண்ணெய், பாமாயில், மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றைப் பயன்படுத்தும் உணவு நிறுவனங்களைச் சாடினார். பொதுநல அறிவியல் மையம் என்னும் நுகர்வோர் அமைப்பும் இதே கோரிக்கையை முன்வைத்தது. நிறுவனங்கள் இணங்கின. மெக்டொனால்ட்ஸ் 1990இல் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாட்டுக் கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. பிஸ்கட்களில் தேங்காய் எண்ணெயின் இடத்திற்குப் பகுதி ஹைட்ரஜனேற்றிய சோயா எண்ணெய் வந்தது. இது வஞ்சக நோக்கில் நடந்தது என்று கூற இயலாது. கோரியவர்களும் மாற்றியவர்களும் அன்று நன்மை என்று கருதியதையே செய்தனர். பொதுநல அறிவியல் மையம் பின்னர் தன் நிலைப்பாட்டை மாற்றிக் கொண்டு, டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிடச் செய்யுமாறு 1994இல் அமெரிக்க அரசிடம் மனு அளித்தது.

ஆய்வுகள்

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் கும்மரோவும் உடன் ஆய்வாளர்களும் மனிதத் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பமிலங்கள் சேர்ந்திருப்பதை 1957இலேயே வெளியிட்டனர். அது அன்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

திருப்புமுனை நெதர்லாந்தில் நிகழ்ந்தது. ரொனால்ட் மென்சிங்க், மார்ட்டின் கத்தான் இருவரும் 59 பேருக்கு மும்மூன்று வாரங்களாக மூவகை உணவு கொடுத்துக் குருதியைச் சோதித்து 1990இல் முடிவை வெளியிட்டனர். டிரான்ஸ் கொழுப்பு மிகுந்த உணவு, தீய கொலஸ்டிரால் எனப்படும் எல்டிஎல் அளவை உயர்த்தியது. அத்துடன் நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்டிஎல் அளவைக் குறைக்கவும் செய்தது. நிறைவுற்ற கொழுப்பு முதலாவதை மட்டுமே செய்தது. 1993இல் வால்ட்டர் வில்லெட் குழுவினர், சுமார் 85,000 அமெரிக்கச் செவிலியரை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், டிரான்ஸ் கொழுப்பை மிகுதியாக உண்டோரிடம் இதய நோய் மிகுந்திருப்பதைக் காட்டினர். உணவு ஆற்றலில் 2 விழுக்காடு டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால் இதயத்தமனி நோய் சுமார் 23 விழுக்காடு கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2006இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது.

பால், வெண்ணெய், ஆட்டிறைச்சி முதலிய அசைபோடும் விலங்குகளின் கொழுப்பிலும் டிரான்ஸ் வகை சிறிதளவு, பொதுவாகக் கொழுப்பில் 2 முதல் 5 விழுக்காடு, இயற்கையாகவே உண்டு. வனஸ்பதியில் இதைவிடப் பன்மடங்கு இருந்தது. 2009இல் புதுதில்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த இந்திய வனஸ்பதி வகைகளில் 9 முதல் 23 விழுக்காட்டுக்கு மேல் வரை டிரான்ஸ் கொழுப்பு காணப்பட்டது.

"டிரான்ஸ் கொழுப்பு 0 கிராம்"

ஐக்கிய அமெரிக்காவில் 2006 சனவரி 1 முதல் உணவுப் பொட்டலங்களில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை அச்சிடுவது கட்டாயமானது. ஆனால் ஒரு பரிமாறும் அளவில் 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதை 0 என்று எழுத விதி இடமளித்தது. இதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் பரிமாறும் அளவு 30 கிராம் என்றும், அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு 0.4 கிராம் என்றும் கொள்வோம். அச்சில் வருவது 0. ஒருவர் நாள் முழுவதும் இத்தகைய 0 உணவுகளை ஐந்து முறை உண்டால் உடலில் சேர்வது 2 கிராம். உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் மேல் வரம்பு உணவு ஆற்றலில் 1 விழுக்காடு. 2000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 2.2 கிராம். ஐந்து சுழியங்களைக் கூட்டினால் நாளின் வரம்பு ஏறத்தாழ நிறைந்து விடுகிறது.

பரிமாறும் அளவை முடிவு செய்வதிலும் உற்பத்தியாளருக்கு ஓரளவு இடம் இருந்தது. தேநீரிலும் காப்பியிலும் கலக்கும் பாலில்லாப் பொடி போன்றவற்றில் அது ஒரு தேக்கரண்டியே. பாதிக்கு மேல் கொழுப்பாக இருந்தாலும் சுழியத்திற்குள் அடங்கும். கனடா இதே சுழியத்திற்கு 0.2 கிராம் என்ற கடுமையான எல்லையை வைத்தது. எண்ணை மட்டும் நம்பாமல் உட்பொருட்கள் பட்டியலில் "பகுதி ஹைட்ரஜனேற்றிய" என்ற சொல்லைத் தேடுமாறு அக்கால நுகர்வோர் கையேடுகள் கூறியது இதனால்தான்.

தடைகள்

அச்சிடச் செய்வதோடு நிற்காமல் அளவையே கட்டுப்படுத்திய முதல் நாடு டென்மார்க்கு. 2003இல் அது தொழிற்சாலை வழி டிரான்ஸ் கொழுப்பை 100 கிராம் கொழுப்பிற்கு 2 கிராம் என வரம்பிட்டது. நியூயார்க் நகரம் 2006 திசம்பரில் உணவகங்களுக்குத் தடை விதித்தது. கும்மரோ 2009இல், தமது 94ஆம் வயதில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் தடை கோரி மனு அளித்தார். விடை வராததால் 2013இல் வழக்குத் தொடர்ந்தார். பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானது எனப் பொதுவாக ஏற்கப்பட்ட பொருள் அல்ல என்று அந்நிர்வாகம் 2015இல் தீர்மானித்தது. உற்பத்தியாளர்கள் 2018 சூன் வரை காலக்கெடு பெற்றனர். கும்மரோ 2017இல் தமது 102ஆம் வயதில் காலமானார்.

உலக நலவாழ்வு அமைப்பு, டிரான்ஸ் கொழுப்பால் ஆண்டுதோறும் 5 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறப்பதாக மதிப்பிட்டு, 2018இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. 2023ஆம் ஆண்டு இறுதி என வைத்த இலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. 2024 சனவரியில் டென்மார்க்கு, லித்துவேனியா, போலந்து, சவூதி அரேபியா, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் முதன்முதலாகச் சான்று பெற்றன.

இந்தியாவில் வரம்பு படிப்படியாக இறங்கியது: முதலில் 10 விழுக்காடு, 2016இல் 5, 2021 சனவரியில் 3, 2022 சனவரியில் 2. இந்த 2 விழுக்காட்டு வரம்பு எண்ணெய், கொழுப்பு வகைகளுக்கும் அவற்றைக் கொண்டு செய்த உணவுகளுக்கும் பொருந்தும். ஆயினும் பேக்கரியில் தாளில் சுற்றித் தரும் பப்சுக்கு உட்பொருட்கள் பட்டியல் கிடையாது. அங்கு வரம்பைக் காப்பது அலுவலர்களின் மாதிரிச் சோதனை மட்டுமே.

மாற்றுக் கொழுப்புகள்

டிரான்ஸ் கொழுப்பு விலகிய இடத்தில் திண்மத்தன்மை தரும் வேறொரு கொழுப்பு தேவைப்பட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் தேர்ந்தது பாமாயில். அதாவது 1988இன் விளம்பரங்கள் துரத்திய அதே எண்ணெய். அதில் சுமார் பாதி நிறைவுற்ற கொழுப்பு. முழுமையாக ஹைட்ரஜனேற்றிய கடினக் கொழுப்பையும் நீர்ம எண்ணெயையும் கலந்து கொழுப்பமிலங்களை இடம் மாற்றி இணைக்கும் முறையும் பயன்படுகிறது. இவ்விரு வகையிலும் டிரான்ஸ் கொழுப்பு மிகக் குறைவே. அப்பொட்டலங்களில் அச்சிடப்படும் சுழியம் பெரும்பாலும் உண்மையான சுழியம். ஆனால் அதே அட்டவணையில் நிறைவுற்ற கொழுப்புக்கு எதிரே உள்ள எண், பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இடம்பெறுவதில்லை.