அரைக்கூட்டுக் கிதார்: பழையதும் மறுபதிப்பும்

சென்ற கோடை விடுமுறையில் எம் வகுப்புத் தோழர் ஒருவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கப்பற் பணியிலிருந்த அவருடைய பாட்டனார் 1967-ஆம் ஆண்டில் அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்த மின்சாரக் கிதார் அவ்வீட்டுப் பரண்மீது பெட்டியோடு கிடந்தது. அதன் செந்நிறம் மங்கியிருந்தது. மெருகு முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புக்கள் ஓடியிருந்தன. யாம் நன்மை செய்வதாகவே எண்ணி, உப்புத்தாளைக் கொண்டு அதன் கீழ்விளிம்பில் நான்கு விரற்கிடை அளவு தேய்த்துவிட்டோம். அவ்வாத்தியத்தின் வரலாற்றைப் பின்னர்க் கற்றபொழுதே எம் பிழை எமக்கு விளங்கிற்று. பிறரேனும் அப்பிழையினின்று தப்புதல் வேண்டும் என்னும் கருத்தினால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அரைக்கூட்டுக் கிதார் என்பது யாது? மின்சாரக் கிதார்களை மூவகையாகப் பகுக்கலாம். வீணையின் குடத்தைப் போல உள்ளே வெறுமையாயிருப்பது ஒருவகை. ஒரே கட்டையாய் உட்புழையின்றி இருப்பது மற்றொருவகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது அரைக்கூட்டுக் கிதார். அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கட்டை ஓடும். இருமருங்கிலும் வெற்றிடம் இருக்கும். மேற்பலகையில் வயலினில் உள்ளவை போன்ற இரு துளைகள் காணப்படும்.

இவ்விடைப்பட்ட வடிவம் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலமாசூ நகரில் இயங்கிவந்த கிப்சன் நிறுவனத்தார் 1936-ஆம் ஆண்டில் இ.எஸ்.-150 என்னும் கூட்டுக் கிதாரை வெளியிட்டனர். 1939-இல் பென்னி குட்மன் குழுவிற் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்பார் அவ்வகைக் கிதாரை வாசித்து, பக்கவாத்தியமாயிருந்த அதனைத் தனித்து நின்று பேசும் வாத்தியமாக உயர்த்தினார். ஆயினும், ஒலிபெருக்கியின் விசையைக் கூட்டியபொழுது ஓர் இடையூறு நேர்ந்தது. பெருகிய ஒலி கிதாரின் மெல்லிய பலகையை அதிரச்செய்யும். அவ்வதிர்ச்சி மீண்டும் தந்திகளின் வழியே ஒலிபெருக்கியை அடைந்து பின்னும் பெருகும். முடிவில் அஃது ஊளையாய் முடியும். 1952-இல் கிப்சன் நிறுவனத்தார் லெஸ் பால் பெயரால் வெளியிட்ட கட்டைக் கிதாரில் இவ்வூளை அடங்கிற்று. ஆனால் வெற்றிடத்தினாற் பிறக்கும் மென்மையும் அதனோடு குறைந்தது.

இவ்விரண்டனையும் பொருத்தும் முயற்சிக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1940-ஐ ஒட்டிய காலத்தில் லெஸ் பால், நியூயார்க்கிலிருந்த எபிஃபோன் தொழிற்சாலையில் நான்கங்குலச் சதுரமான பைன் மரக்கட்டை ஒன்றிலே தந்திகளைப் பூட்டி, அதன் இருபுறமும் கூட்டுக் கிதாரின் பாதிகளை ஒட்டினார். 1958-இல் டெட் மெக்கார்ட்டி தலைமையில் கிப்சன் நிறுவனத்தார் வெளியிட்ட இ.எஸ்.-335 என்பதே அரைக்கூட்டு வகைக்கு இலக்கணமாய் அமைந்தது. அதன் உடல் மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகளைச் சேர்த்து ஒட்டிய பலகையினால் ஆனது. அகலம் பதினாறு அங்குலம். நடுவிலுள்ள கட்டையும் மேப்பிளே. கட்டையின் உறுதியால் ஊளை அடங்குகிறது. நாதம் நெடிது நிற்கிறது. பக்கத்து வெற்றிடங்களால் ஒலியில் ஒருவகைக் குழைவு உண்டாகிறது.

இக்கிதாரின் செவிகளாயிருப்பவை பிக்கப் எனப்படும் காந்தச் சுருள்கள். ஒற்றைச் சுருளாயின் மின்கம்பிகளினின்று வரும் ரீங்காரமும் தந்தியின் நாதத்தோடு கலந்துவிடும். சேத் லவர் என்பவர் இரு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றற்கொன்று எதிர்முகமாக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி அமைத்தார். புறத்தேயிருந்து வரும் ரீங்காரம் இரு சுருள்களிலும் எதிரெதிராய்ப் பாய்ந்து அழிந்தொழிய, தந்தியின் நாதம் மட்டும் ஒன்று கூடி வலிமை பெறும். அவர் 1955-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1959-இற் கிடைத்தது. காப்புரிமை வேண்டியிருப்பதாக அறிவிக்கும் சிறு சீட்டை அடியில் உடைய அக்காலத்துப் பிக்கப்புகளைச் சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர்.

இனி, பழைய கிதார்களின் காலத்தை அறியும் வழியைச் சிறிது கூறுவோம். விரற்பலகையில் முதலில் புள்ளிகளே பதிக்கப்பட்டன. 1962 முதல் அவற்றினிடத்திற் சதுரக் கட்டங்கள் வந்தன. தந்திகளின் அடிமுனையைப் பற்றும் உறுப்பு முதலில் மேற்பலகையிலேயே திருகப்பட்டிருந்தது. 1965 முதல் ஊஞ்சல் போலத் தொங்கும் உறுப்பு அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கழுத்தும் ஒடுங்கிற்று. வரிசை எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. 1960-களில் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் இட்டிருக்கின்றனர். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளின் பின்புறத்தே பொறித்துள்ள இலக்கங்கள், அவை செய்யப்பட்ட ஆண்டையும் வாரத்தையும் காட்டும். புறத்தோற்றத்தாலும் ஏமாறலாகாது. பீட்டில்ஸ் குழுவினர் வாசித்த எபிஃபோன் காசினோ, பார்வைக்கு இ.எஸ்.-335-ஐயே ஒக்கும், ஆனால் அதனுள் நடுக்கட்டை இல்லை.

பழைய கிதாரின் மெருகு நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. அது மரத்தோடு சேர்ந்து விரிந்து சுருங்க இயலாமல், ஆண்டுகள் செல்லச் செல்ல வெடிக்கும். அவ்வெடிப்பு நோயன்று, முதுமையின் சுவடு. அதனைத் தேய்த்துப் புதுமெருகு பூசுவோர் வாத்தியத்தின் மதிப்பையும் வரலாற்றையும் ஒருங்கே அழிக்கின்றனர். யாம் செய்ததும் அதுவே. சில ரப்பர்த் தாங்கிகள் அம்மெருகைக் கரைக்கும். கடுவெயிலில் நிறுத்திய வண்டியினுள் வைத்தால் ஒட்டுக்கள் நெகிழும். ஆதலின் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தல் நன்று.

விரற்பலகையைப் பற்றி ஒரு செய்தி நம் நாட்டார்க்கு உரியது. 1960-களின் இடைப்பகுதிவரை பெரும்பாலும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமே அதற்குப் பயன்பட்டது. பின்னர் அதனிடத்தைப் பெற்றது, நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஈட்டி என்னும் தோதகத்தி மரமாகும். அருகிவரும் உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் பிரேசில் மரம் 1992-இல் மிகக் கடுமையான பட்டியலிற் சேர்ந்தது. ஆகவே அம்மரமுடைய பழைய கிதாரை விற்பதற்காக நாடு கடத்துவோர் உரிய அனுமதி பெறுதல் வேண்டும்.

மறுபதிப்பு என்பதைப் பற்றி இனிப் பேசுவோம். பழைய வடிவங்களுக்கு மதிப்பு மிகுந்ததைக் கண்ட கிப்சன் நிறுவனத்தார், புள்ளி பதித்த இ.எஸ்.-335-ஐ 1981-இல் மீண்டும் வெளியிட்டனர். 1984-இல் கலமாசூ ஆலை மூடப்பட்டது. நாஷ்வில் நகருக்குச் செல்லாது அங்கேயே தங்கிய தொழிலாளர் சிலர் 1985-இல் ஹெரிட்டேஜ் என்னும் நிறுவனத்தை அப்பழைய ஆலையிலேயே தொடங்கி அரைக்கூட்டுக் கிதார்களைச் செய்தனர். கிப்சனுக்கு உரிமையான எபிஃபோன் பெயரால் ஆசிய நாடுகளிற் செய்யப்படும் கிதார்கள் எளிய விலைக்கும் கிடைக்கின்றன. மறுபுறம், எரிக் கிளாப்டனுடைய 1964-ஆம் ஆண்டு இ.எஸ்.-335, 2004-இல் நடந்த அறக்கொடை ஏலத்தில் 8,47,500 டாலருக்கு விலைபோயிற்று.

பழையதே மேலானது என்பார் உளர். எம் கருத்து அதுவன்று. அந்நாளிலும் குறையுள்ள கிதார்கள் செய்யப்பட்டன. அவை பெரும்பாலும் கைவிடப்பட்டு ஒழிய, நல்லனவே பேணப்பட்டு நம் கைக்கு வருகின்றன. ஆதலின் எஞ்சியவற்றைக் கண்டு அக்காலம் முழுவதையும் புகழ்தல் பொருந்தாது. மறுபதிப்பைப் பொய்யெனப் பழித்தலும் தகாது. தமிழ் கற்கும் எமக்கு ஏட்டுச்சுவடியும் அச்சுப்பதிப்பும் நினைவிற்கு வருகின்றன. சுவடியை நோக்கிப் பிழையறப் பதிப்பித்த நூலைப் பொய்நூல் என்பார் யார்? அதனாலன்றோ ஏழை மாணாக்கரும் நூலைக் கற்கின்றனர்! பழுதான உறுப்பை மாற்றி அதனை ஒளிப்பது இடைச்செருகலை ஒக்கும். மறுபதிப்பைப் பழையதெனச் சொல்லி விற்பதோ வஞ்சகமே. குற்றம் விற்பவர் நாவில் உளதேயன்றி மரத்தில் இல்லை.

வாங்க எண்ணுவோர் முதலில் தம் நோக்கத்தைத் தெளிதல் வேண்டும். நாள்தோறும் வாசிக்கவும், பிரயாணத்திற் கொண்டுசெல்லவும் விரும்புவோர்க்கு நல்ல மறுபதிப்பே போதும். பழையதை வாங்குவோர், ஒரு காலத்தின் கைவேலையைக் காக்கும் கடமையையும் உடன் வாங்குகின்றனர். அக்கடமையை ஏற்க மனமில்லாதார் அதனை வாங்காதிருத்தலே நலம்.

எம் தோழருடைய கிதாரைக் கண்ட வணிகர் ஒருவர், அதற்கு ஈடாகப் பளபளக்கும் புதிய மறுபதிப்பொன்றும் மேற்கொண்டு பணமும் தருவதாகக் கூறினார். தங்கையின் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டவேண்டிய நாள் அது. தோழர் மனம் ஊசலாடிற்று. அன்று மாலை, இரவலாகப் பெற்ற மறுபதிப்பொன்றையும் பாட்டனார் கிதாரையும் மாறிமாறி வாசித்தோம். அடுக்களையிலிருந்த பாட்டியாரை எது எதுவென்று வினவினோம். “இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, எனக்கு வேற்றுமை தெரியவில்லை” என்றார். பின்னர் வெளியே வந்து, பழையதைக் கையிலெடுத்து, கழுத்தின் பின்புறத்தைத் தடவினார். அங்கே பாட்டனாரின் கட்டைவிரல் பட்டுப்பட்டு மெருகு தேய்ந்திருந்தது. “இஃது அவருடையது” என்றார். சம்பளத்திற்கு வேறு வழி தேடுவதென்று அன்றிரவே முடிவாயிற்று. கடன் வாங்கியே கட்டினர். அக்கடன் இன்னும் தீரவில்லை.

தேய்வு இருவகை என்பதை அன்று யாம் உணர்ந்தோம். அன்பினால் நாள்தோறும் பழகிய கை உண்டாக்கும் தேய்வு ஒன்று. அறியாமையால் உப்புத்தாள் உண்டாக்கும் தேய்வு மற்றொன்று. எம் கை செய்த வெண்மையான தழும்பு அக்கிதாரின் கீழ்விளிம்பில் இன்றும் உளது. அதனை மறைக்க வேண்டாவென்று தோழர் கூறிவிட்டார். வாரந்தோறும் அவர் அதனை வாசிக்கின்றார். யாம் அருகிருந்து கேட்கின்றோம்.