இரண்டரை நொடி விண்வெளி

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் எடையின்மையை உண்டாக்கும் கோபுரம் ஒன்று இருக்கிறது. ஆய்வுக் கருவிகள் வைத்த பெட்டகத்தை மேலிருந்து விழவிடுகிறார்கள். விழும் 2.5 நொடிக்கு உள்ளிருக்கும் பொருள்களுக்கு எடை இருப்பதில்லை. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதும் இதே காரணத்தால்தான்: அங்கேயும் ஈர்ப்பு உண்டு, நிலையமும் அவர்களும் சேர்ந்தே புவியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

வேற்றுலகங்களில் பொருள்களைச் செய்வது பற்றி ஆராயும் 'எக்ஸ்டெம்' மையமும் இதே ஐ.ஐ.டி.யில் இயங்குகிறது. இந்த ஆராய்ச்சிக்கு அவசரமான தேவை இருக்கிறது. 400 கி.மீ. உயரத்திலுள்ள நிலையத்துக்குச் சரக்குக் கலம் அனுப்பலாம். செவ்வாய்க்குப் போகும் வழியில் ஒரு வால்வு உடைந்தால், மாற்று வால்வை அங்கேயே செய்துகொள்ள வேண்டும்.

முதல் படி 2014இல் எடுத்துவைக்கப்பட்டது. உருகிய பிளாஸ்டிக்கை முறுக்கு பிழிவதுபோல் அடுக்கடுக்காக இடும் அச்சுப்பொறி நிலையத்துக்குப் போனது. அந்த டிசம்பரில், தரையிலிருந்து அனுப்பிய வரைபடத்தைக் கொண்டு ஒரு ஸ்பேனரை அது அச்சிட்டது.

உலோகம் இதைவிடக் கடினம். தரையில் உலோகத்தூளைப் பரப்பி லேசரால் உருக்குவார்கள். 2024 மே மாதம் மகேந்திரகிரியில் 665 நொடி எரித்துச் சோதித்த இஸ்ரோவின் பி.எஸ்.4 ராக்கெட் எஞ்சின் அப்படி அச்சானதுதான். எடையின்மையில் தூள் பரப்பிய இடத்தில் நிற்காமல் மிதக்கும். அதனால் ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக ஏர்பஸ் செய்து, 2024இல் நிலையத்துக்குச் சென்ற பொறி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை லேசரால் உருக்குகிறது.

உருகிய உலோகத்தின் நடத்தையும் மாறிவிடுகிறது. தரையில் சூடான திரவம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும், வாயுக்குமிழிகள் மேலே வந்து வெளியேறும். எடையின்மையில் இவை நடப்பதில்லை. பரப்பு இழுவிசையே பெரும்பாலும் திரவத்தை ஆள்கிறது. உள்ளே தங்கிய குமிழி துளையாக உறைந்தால் பாகத்தின் வலிமை குறையும்.

இதையெல்லாம் ஆராய 2.5 நொடி போதுமா? லேசர் உருக்கிய சிறு உலோகக் குட்டை நொடியின் சிறு பகுதிக்குள் உறைந்துவிடும். ஒரு முழுப் பாகத்தை அச்சிட முடியாவிட்டாலும், துளை பிறக்கும் கணத்தை வேகக் கேமராவில் பிடிக்கலாம். நேரத்தைக் கூட்டுவதும் எளிதல்ல. 2.5 நொடி விழச் சுமார் 30 மீட்டர் வேண்டும். அந்த நேரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு உயரம் தேவை. ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள இதுபோன்ற கோபுரம் 146 மீட்டர் உயர்ந்து நிற்பது அதனால்தான்.

2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்பது இந்தியாவின் இலக்கு. அதில் பழுதுபார்க்கும் பட்டறையும் இருக்க வேண்டும். சுற்றுப்பாதையில் ஒரு சோதனைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். கோபுரத்திலோ விழுந்ததை எடுத்துப் பார்த்து, லேசரின் அளவை மாற்றி, மீண்டும் விழவிடலாம். அப்படித் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் வசதி நம் மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய பேறு.