போய்வரும் ஒளியின் கணக்கு

இலங்கையில் கோல்ஃப் என்றால் 1879இல் தொடங்கிய கொழும்பு றோயல் கழகம், நுவரெலியா, கிழக்கில் திருகோணமலைச் சீனக்குடா என்று சில இடங்கள்தான். ஆனால் கொடிக்கம்பம் எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று சொல்லும் லேசர் தூரமானியைப் பராமரிக்கப் பழகுவதற்கு மட்டக்களப்பின் ஆரையம்பதியை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் உப்புக்காற்று: கருவியைத் தடுமாற வைக்கும் எல்லாமே இங்கு உண்டு.

விசையை அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாய்ந்து, பட்ட பொருளில் தெறித்துத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை ஒளிவேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். ஏறத்தாழ 290 மீற்றர் நீளமான மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தை ஒளி போய்வந்து கடக்க, ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு போதும். இத்தனை நுண்ணிய கடிகாரம் எளிதில் கெடுவதில்லை. வெக்கையும் ஈரமும் ஒளிவேகத்தை மாற்றுவதும் 100 மீற்றருக்குச் சில மில்லிமீற்றர் அளவே.

பிசகு பெரும்பாலும் வில்லையிலும் குறியிலும்தான். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்ததும் வில்லையில் நீர் பூக்கும். அது தானாக மறையும்வரை பொறுக்க வேண்டும். உப்புப் படிந்த வில்லையை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, உப்புமணி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் தூசை ஊதிவிட்டு, பிறகு வில்லைத்துணியைச் சற்றே நனைத்துத் துடைக்கலாம். வாவி நீரைக் குறிவைத்தால் பெரும்பாலும் எண்ணே வராது; சாய்ந்து விழும் ஒளி அப்பால் தெறித்துப் போய்விடும். மெல்லிய கொடிக்குப் பின்னால் தென்னைகள் நின்றால், கொடிக்குப் பதில் மரத்தின் தூரம் வந்துவிடலாம்.

கருவியை நம்பலாமா என்பதை நிலத்தில்தான் சோதிக்க வேண்டும். சமதரையில் நாடாவால் 50, 100 மீற்றர் அளந்து, வெள்ளைச் சுவரைக் குறியாக வைத்துப் பலமுறை பாருங்கள். மேடுபள்ளத்துக்கேற்பத் தூரத்தைத் திருத்தும் சரிவுக்கணக்கு முறையை அணைத்துவிடுங்கள். ஓர் அளவை இன்னோர் அளவால் சரிபார்ப்பது புதிதல்ல: இலங்கையின் முக்கோண நில அளவையிலும் நீர்கொழும்புப் பக்கத்தில் நிலத்தில் நேரடியாக அளந்த அடிக்கோட்டிலிருந்து வந்த கணக்கைச் சரிபார்க்க, மட்டக்களப்பிலும் ஓர் அடிக்கோடு இருந்தது.

100 மீற்றருக்கு 109 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். கருவி ‘யார்’ (yard) அலகில் நிற்கிறது, அதை மீற்றருக்கு மாற்றினால் போதும். இரண்டு தூரத்திலும் ஒரே அளவாக இரண்டு மூன்று மீற்றர் பிசகினால் உள்ளமைப்பில்தான் கோளாறு. அப்போது திருகாணியைத் தொடாமல் தயாரிப்பாளரிடமே அனுப்புங்கள். நீர்புகாத அடைப்பு ஒருமுறை திறந்தால் உப்புக்காற்றும் உள்ளே போய்விடும்.