அலைவுகாட்டியின் நினைவக ஆழமும் உருப்பெருக்கலும்

இலத்திரனியல் ஆய்வுகூடங்களில் இன்று பயன்படும் அலைவுகாட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை இலக்கமுறையில் இயங்குவன. ஓர் அலைவடிவத்தை ஒருமுறை பதிவுசெய்து, கருவியை நிறுத்திவிட்டு, அதன் சிறு பகுதியொன்றைத் திரை முழுவதற்கும் விரித்துப் பார்க்கும் வசதி இவற்றின் தலையாய கவர்ச்சியாகும். குமிழைத் திருப்பியதும் கோடு விரிகின்றது; அதுவரை தென்படாத நுணுக்கங்கள் தென்படுகின்றன. பார்ப்பவர் உருப்பெருக்கிக் கண்ணாடியினூடாகப் பொருளையே உற்றுநோக்குவதாக எண்ணிக்கொள்கின்றார். இவ்வெண்ணம் பிழையானது. விரித்துப் பார்க்கும் வேளையில் அம்மின்சைகை எப்போதோ கடந்துபோயிருக்கும். எஞ்சியிருப்பது எண்களின் ஒரு வரிசை மட்டுமே. அவ்வரிசையில் எத்தனை எண்கள் உள்ளன, எவ்வளவு நேர இடைவெளியில் அவை எடுக்கப்பட்டன என்பனவே நாம் காணக்கூடியவற்றின் எல்லையை வகுக்கின்றன.

பழைய கதோட்டுக்கதிர் அலைவுகாட்டியில் இப்பிரச்சினை இவ்வடிவில் எழவில்லை. அங்கே மின்சைகை இலத்திரன் கற்றையை நேரடியாகத் திருப்பியது. அதிலும் பத்து மடங்கு விரிக்கும் விசை உண்டு. ஆனால் அது கற்றையின் ஓட்டத்தையே விரைவாக்கியது. திரையில் உருவத்தைத் தேக்கிவைக்கும் சேமிப்புக் குழாய்களும் இருந்தன. ஆயினும் தேக்கிய உருவத்தைப் பின்னர் விரிக்க முடியாது. கற்றை எவ்வளவு நுணுக்கமாக வரைந்ததோ அவ்வளவே.

முதலாவது இலக்கமுறைச் சேமிப்பு அலைவுகாட்டியை ஆக்கிய பெருமை நிக்கொலே நிறுவனத்துக்கு உரியதாகச் சொல்லப்படுகின்றது. அது மெதுவாக மாதிரியெடுப்பது. அதிர்வு ஆய்விலும் மருத்துவத்திலும் பயன்பட்டது. சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்துக்கு விரைவான இலக்கமாக்கிகளைச் செய்துகொடுத்த வோல்ட்டர் லெக்ரோய் பின்னர் விரைவுமிக்க அலைவுகாட்டியை உருவாக்கினார். மாதிரியெடுக்கும் வேகம் இவ்வாறு உயர்ந்தபோது, எடுத்த மாதிரிகளை அதே வேகத்தில் எழுதிவைக்கும் நினைவகமே இடராயிற்று. செக்கனுக்கு 1,000 மில்லியன் மாதிரிகளை எடுப்பதெனில், ஒவ்வொரு நனோ செக்கனுக்கும் ஓர் எண்ணை எழுதிமுடிக்க வேண்டும். அவ்வேகத்தில் எழுதக்கூடிய நினைவகம் விலை மிக்கது. ஆதலால் ஆக்குவோர் நெடுங்காலம் அதைச் சிக்கனமாகவே வைத்தனர்.

அடிப்படைத் தொடர்பு மிக எளிது. பதிவின் நீளத்தை மாதிரியெடுப்பு வீதத்தால் பெருக்கினால் தேவையான நினைவகத்தின் ஆழம் கிடைக்கும். நினைவகம் மாறாதது, பயனாளர் நீண்ட நேரத்தைப் பதிய விரும்பினால் குறைக்கக்கூடியது வீதம் ஒன்றே. கருவி இக்குறைப்பைத் தானாகவே செய்கின்றது. திரையின் ஓரத்தில் சிற்றெழுத்தில் அதைக் குறித்தும் காட்டலாம்; ஆனால் பயனாளர் பலர் அதனை வாசிப்பதில்லை.

1990களின் பிற்பகுதியில் வெளிவந்து கற்பித்தல் ஆய்வுகூடங்கள் பலவற்றில் இடம்பிடித்த டெக்ற்றோனிக்ஸ் டிடிஎஸ் 210 என்னும் கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் வீதம் செக்கனுக்கு 1,000 மில்லியன் மாதிரிகள். நினைவக ஆழமோ 2,500 புள்ளிகள். இரு கருவிகளுக்கிடையே செக்கனுக்கு 9,600 துவித இலக்கங்கள் என்னும் வேகத்தில் 96 எழுத்துகள் அனுப்பப்படுகின்றன எனக் கொள்வோம். தொடக்க, முடிவு இலக்கங்களும் சேர எழுத்தொன்றுக்குப் பத்து துவித இலக்கங்கள். செய்தி முழுவதும் சரியாக 100 மில்லி செக்கன் நீடிக்கும். இதை முழுமையாகப் பதிந்தால் 2,500 புள்ளிகளும் 100 மில்லி செக்கனுக்குப் பகிரப்படும். இரு புள்ளிகளின் இடைவெளி 40 மைக்ரோ செக்கன். அதாவது, உண்மையில் நிகழும் வீதம் செக்கனுக்கு 25,000 மாதிரிகளே. கருவியின் முகப்பில் பொறித்த எண்ணில் இது நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கு!

இனி, செய்தியின் நடுவே எங்கோ 50 நனோ செக்கன் அகலமான கள்ளத்துடிப்பொன்று நுழைந்து, வாங்கும் கருவியைத் தடுமாறச் செய்கின்றது என்போம். மேற்படி பதிவில் அது ஒரு புள்ளியிலேனும் விழுவதற்கான வாய்ப்பு 800இல் ஒன்று. தற்செயலாக விழுந்தாலும் நிலைமை சீரடையாது. புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து விரிக்கும்போது, இருபுறமும் 40 மைக்ரோ செக்கன் தொலைவிலுள்ள அயற்புள்ளிகளுக்குச் சரியும் ஒரு முக்கோணம் தோன்றும். அடி அகலம் 80 மைக்ரோ செக்கன். காண்பவர் மெதுவான குழப்பம் ஒன்று நிகழ்ந்ததாக முடிவுசெய்து, தவறான உறுப்பைக் கழற்றுவார். ஒன்றுமே காணாதிருப்பதிலும் இது கேடானது.

அதே செய்தியை 10 மில்லியன் புள்ளிகள் கொண்ட நினைவகத்தில் பதிந்தால் இடைவெளி 10 நனோ செக்கன். துடிப்பின் மீது ஐந்து மாதிரிகள் விழும். ஆயினும் முதற்பார்வையில் அவை புலப்படா. திரையின் அகலம் 1,000 நிரல்கள் எனில், ஒவ்வொரு நிரலும் 10,000 மாதிரிகளுக்கு இடமளிக்க வேண்டும். நல்ல கருவி அவற்றுள் உச்சத்தையும் தாழ்வையும் கண்டு அவற்றிடையே நிலைக்குத்துக் கோடு வரையும். ஆனால் நமது எடுத்துக்காட்டில் ஒரு துவித இலக்கத்தின் அகலம் ஏறத்தாழ 104 மைக்ரோ செக்கன். ஒரு நிரலின் அகலம் 100. நிரல்கள் பலவற்றில் ஏற்கெனவே ஏற்றமோ இறக்கமோ இருப்பதால் கள்ளத்துடிப்பின் கோடு அக்கூட்டத்தில் மறைந்துவிடும். விரித்தால் மட்டுமே அது வெளிப்படும். இங்கேதான் ஆழ்ந்த நினைவகம் தன் பயனைத் தருகின்றது: திரைக்காகச் சுருக்குதல் காட்சியளவில் நிகழ்கின்றதேயன்றி, நினைவகத்திலுள்ள எண்கள் கைபடாமல் இருக்கின்றன. மாதிரியெடுக்கும்போதே சுருக்கியவை மீளமாட்டா. திரை 10 மைக்ரோ செக்கனைக் காட்டுமளவுக்கு விரித்துத் தேடுவதெனில் 10,000 திரைகளைக் கடக்க வேண்டும். கண்ணால் ஆகாத வேலை இது. குறித்த அகலத்திற் குறைந்த துடிப்புகளைத் தேடித்தரும் வசதி தற்காலக் கருவிகளில் சேர்ந்தது இதனாலேயே.

மேலும் விரித்துச் சென்றால் ஈற்றில் புள்ளிகள் தனித்தனியே நிற்கும். அதற்கப்பால் கருவி வரைவது அனுமானம். 1928இல் நைக்குவிஸ்றும் 1949இல் ஷனனும் எழுதியவற்றின் வழிவந்த தேற்றத்தின்படி, மாதிரியெடுப்பு வீதத்தின் அரைப்பங்குக்கு மேற்பட்ட மீடிறன் சைகையில் இல்லையெனில், புள்ளிகளுக்கு இடைப்பட்ட வளையியைக் கணித்து நிரப்பலாம். அந்நிபந்தனை மீறப்படின், நிரப்பிய வளையி அழகாக இருக்கும், உண்மையாக இராது. செங்குத்தான ஏற்றமொன்றுக்கு முன்னரே சிற்றலைகள் தோன்றுமாயின் ஐயுறல் வேண்டும். காரணத்துக்கு முன் காரியம் நிகழ்வதில்லை.

நினைவகம் சிறிதாயிருந்த கருவிகளில் உச்சங்காண் முறை ஒரு மாற்றுவழியாயிற்று. மாற்றி முழு வேகத்திலும் இயங்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் உச்சமும் தாழ்வும் மட்டும் எழுதப்படும். துடிப்பு ஒன்று நிகழ்ந்தது என்பதை இது சொல்லும். அதன் வடிவத்தைச் சொல்லாது.

ஆழ்ந்த நினைவகத்தைப் பரவலாக்கியதில் ஹியூலெற் பக்காட் நிறுவனம் 1996இல் ‘மெகாசூம்’ என்னும் பெயரில் அறிமுகப்படுத்திய அமைப்புக்குப் பங்குண்டு. வாயிலொன்றுக்கு ஒரு மில்லியன் புள்ளிகளை அளித்தும் திரை தாமதமின்றி இயங்கியதே அதன் சிறப்பு. அதுவரை நினைவகம் ஆழமாக ஆழமாகக் கருவி மந்தமாயிற்று. ஒரு பதிவை வரைந்து முடிக்கும்வரை கருவி குருடாக இருக்கும். அவ்வேளையில் நிகழ்வது எதுவும் அதற்குத் தெரியாது. செக்கனுக்கு 50,000 முறை பதியும் கருவியும்கூட, பதிவொன்று 10 மைக்ரோ செக்கன் எனில், செக்கனில் பாதியை மட்டுமே காண்கின்றது.

இதன் காரணமாகச் சில ஆக்குவோர், திரைக்குப் போதுமான மாதிரிகளை மட்டும் பதிவுசெய்கின்றனர். வேறு சிலர், திரை குறுகிய நேரத்தைக் காட்டினும், நினைவகம் நிரம்பும்வரை இருபுறத்திலும் பதிகின்றனர். பின்னைய கருவியில் நிறுத்திய பின் விரிப்பதோடு சுருக்கவும் இயலும். துடிப்புக்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்ந்தது என்பதைக் காணலாம். முன்னையதில் முதலிலேயே நீண்ட நேரத்தைத் தெரிந்துகொண்டு பின் விரிக்க வேண்டும். மறுபடி நிகழாத பழுதொன்றைத் துரத்துவோருக்குப் பின்னையதே ஏற்றது என்பது எமது கருத்து. பணம் அருகிய ஆய்வுகூடங்கள் மாதிரியெடுப்பு வீதத்தை மட்டும் பார்த்துக் கருவி வாங்குவதையும் நாம் ஆதரிக்க மாட்டோம்.

விளம்பரத்தில் தரப்படும் ஆழம் பெரும்பாலும் ஒரு வாயிலுக்குரியது. ரிகோல் டிஎஸ்1054இசட் கருவியில் ஒரு வாயிலை மட்டும் பயன்படுத்தினால் 12 மில்லியன் புள்ளிகள், செக்கனுக்கு 1,000 மில்லியன் மாதிரிகள். நான்கையும் திறந்தால் வாயிலொன்றுக்கு 3 மில்லியன் புள்ளிகள், 250 மில்லியன் மாதிரிகள். பதியும் நேரம் இரண்டிலும் 12 மில்லி செக்கன்தான். இடைவெளி நான்கு மடங்காகின்றது. கையிலுள்ள கருவி எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை அறிய, காட்சியைப் புள்ளி முறைக்கு மாற்றி, அறிந்த மீடிறனுடைய சதுர அலையொன்றை நீண்ட நேரத்துக்குப் பதிந்து நிறுத்தி, ஒரு சுழற்சி திரையை நிறைக்கும்வரை விரித்து, அதில் நிற்கும் புள்ளிகளை எண்ணினாற் போதும்.