பழைய மோட்டார் வண்டியும் தீப்பொறியும்

மொறிஸ் மைனர் வண்டி 1948ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. நம் நாட்டு வீதிகளில் இன்றும் அதனைக் காண்கின்றோம். பற்றரி நன்கு சுழற்றியும் எஞ்சின் இயங்காதாயின், காரணம் நாடாது புதுக் கொயில் வாங்குவோர் பலர். இதனால் பணம் வீணாவதுடன், பழைய நல்லுறுப்பும் குப்பைக்குச் செல்கின்றது.

முதலிலே பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, அதன் இறப்பர் உறையைப் பற்றி, முனையை எஞ்சின் உலோகத்திற்குக் கால் அங்குலம் அப்பாற் பிடித்து, எஞ்சினைச் சுழற்றுவோம். நீலப்பொறி தாவுமாயின் குற்றம் பிளக்கிலோ எரிபொருளிலோ உளது. தாவாதாயின் கொயிலின் நடு வயரை அவ்வாறே சோதிப்போம். அங்குப் பொறி உண்டேல், டிஸ்ரிபியூற்றரின் மூடியோ அதனுட் சுழலும் கையோ பழுதாகும். அங்கும் இன்றேல், பொயின்ற் எனப்படும் தொடுமுனைகளை நோக்குவோம். கருகியவற்றை அரத்தாளால் துலக்கி, முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை 0.015 அங்குலமாக்குதல் வேண்டும். அவை விரைவில் மீண்டும் கருகின், கொண்டென்சரை ஐயுறலாம்.

பல வேளைகளில் ஒரு துண்டு அரத்தாளே போதுமாகும். மாற்றுமுன் காரணம் காண்பதே சிக்கனம்.